ஆறு மணிக்குத் தொடங்கும் செவ்வாய்க்கிழமை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால், நான் அந்த ஷெட்யூலரை எழுதியிருக்கவே மாட்டேன். யாராவது சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பேசாமல் இருந்திருப்பேன்.

2012 வாக்கில் நடந்தது இது. நான் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே பிறந்தவள். அப்பா நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்த்தவர். சென்னையில் சில வருடம் ஜாவா எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அதே மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்தவருக்குக் கழுத்தை நீட்டி, பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். நெய்வேலியில் சாஃப்ட்வேர்காரிக்கு என்ன வேலை கிடைக்கும்? கிடைத்தது. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, ஹைவேஸைத் தாண்டினால் வடக்குத்து. அங்கே ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனி சென்னைக்காரருடையது. அவர் சென்னையில் இருந்தபடியே போனில் கம்பெனி நடத்துவார். மாடியில் நாங்கள் இரண்டே பேர், நானும் வடக்குத்துப் பெண் ஒருத்தியும்.

பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் பக்கம் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் லேப்களுக்கும் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருந்தோம். நோயாளியின் பெயரைப் பதிவது, டாக்டரைப் பார்க்க நேரம் கொடுப்பது, ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்புவது, 'நாளைக்கு வாங்க' என்று முதல் நாளே போனுக்கு மெசேஜ் போடுவது, எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதில் ஒன்று இல்லை. எந்த வேலையும் தானாக நடக்காது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பட்டனை அமுக்க வேண்டும். காலையில் டாக்டர்களுக்கு அன்றைய லிஸ்ட். பிறகு மணிக்கொரு தடவை லேப் முடிவுகள். சாயங்காலம் மறுநாளைக்கான மெசேஜ். கதவைச் சாத்துவதற்கு முன் பேக்கப். இதற்கென்றே வைத்திருந்த ஆள்தான் அந்தப் பெண். அவளுக்கு 'சிஸ்டம் ஆபரேட்டர்' என்று பெத்த பேர் வேறு.

அவள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். வாய் நீளம். அவளுடைய அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆவோம் ஆவோம் என்று காத்திருந்தே முடி நரைத்தவர். "அவருதான் ஆவல, நானாச்சும் எங்கியாவது பர்மனென்ட் ஆவணும்க்கா" என்பாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பட்டன் அமுக்கிகினு இருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளால் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு நிம்மதியாக வர முடியாது. சொந்தச் சித்தி மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, பாயசம் வருவதற்குள் ஓடி வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி, டெஸ்டிங் வேலை, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறாள், கள்ளி, எனக்கே சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் லீவு வேண்டும்.

முதலாளிக்கு போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமையா? சுகர் டெஸ்ட் கேம்ப் இருக்கிற நாளாச்சே. அவ போயிட்டா யாரும்மா அமுக்கறது?" என்றார் அவர்.

"நான் அமுக்கறேன் சார்."

"நீ அமுக்கிட்டு உட்கார்ந்தா உன் வேலையை யார் பாக்கறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், உலகத்துல எல்லா சர்வர்லயும் இதுக்குன்னு ஒரு ஷெட்யூலர் இருக்கும். நம்மகிட்ட மட்டும்தான் மனுஷியைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கோம். நான் எழுதறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஓட வெச்சுக் காட்டறேன். அப்புறம் லீவு தருவீங்களா?"

அவர் உடனே கணக்குப் போட்டார். "தாராளமா. ஆனா அது ஓட ஆரம்பிச்சிட்டா அவ எதுக்கும்மா? நான் எதுக்குச் சம்பளம் கொடுக்கணும்?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. லீவு வாங்கித் தருகிறேன் என்று போய், இருக்கிற வேலைக்கே உலை வைத்துவிட்டேன். ஷெட்யூலர் ஓடவில்லையென்றால் அவள் இன்டர்வியூவுக்குப் போக முடியாது. ஓடிவிட்டால் போகலாம், ஆனால் அங்கே கிடைக்கவில்லையென்றால் திரும்பி வந்து உட்கார நாற்காலி இருக்காது.

"புரியுதாடி உனக்கு?" என்றேன்.

"நல்லா புரியுதுக்கா," என்றாள். "நீ எழுது. அமுக்கி அமுக்கி என் வெரல் தேஞ்சி போச்சி."

எழுத உட்கார்ந்தோம். அவளையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே கிடைத்த நேரமெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை. ஷெட்யூலர் என்றால் பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. எந்த வேலை, எப்போது, யார் செய்வது என்று வைத்திருந்து, நேரம் வந்ததும் செய்துவிட வேண்டும். முதல் நாளே ஒன்று எழுதினேன். சர்வருக்குள் ஒரு சின்ன நிரல் தூங்கும்; இத்தனை நிமிடம் ஆனதும் எழுந்து வேலையைச் செய்துவிட்டு மறுபடி தூங்கும். அழகாக ஓடியது. மதியம் கரண்ட் போனது. அவ்வளவுதான், அது எவ்வளவு நேரம் தூங்கியது, எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதோடு போய்விட்டது.

அந்த வருடங்களின் மின்வெட்டைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதிலும் எங்கள் கொடுமை தனிக்கொடுமை. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே டவுன்ஷிப்பில் கரண்ட் போகவே போகாது. என் குவார்ட்டர்ஸில் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ரோட்டைத் தாண்டினால் வடக்குத்தில் மணிக்கணக்கில் இருட்டு. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் தெர்மல் மின்நிலையத்தின் புகை தெரியும். "நம்ம மண்ணத் தோண்டி, நம்ம அப்பன வுட்டே அள்ளி, கரண்ட மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பிட்டானுங்க" என்று அவள் விசிறிக்கொண்டே திட்டுவாள். ஆபீஸில் ஒரு யு.பி.எஸ். இருந்தது. கொஞ்ச நேரம் கத்தும், பிறகு அதுவும் படுத்துவிடும். சர்வரைச் சென்னையில் ஒழுங்கான இடத்தில் வைக்கலாம் சார் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆகவே எங்கள் ஷெட்யூலர் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைக்கும் சர்வருக்காக எழுதப்பட வேண்டும். அடுத்த வேலை எப்போது என்பதை நிரலின் ஞாபகத்தில் வைக்காமல் டேட்டாபேஸில் ஒரு டேபிளில் வைத்தோம். கரண்ட் வந்து சர்வர் எழுந்ததும் முதல் காரியமாக அந்த டேபிளைப் பார்க்கும். நேரம் தாண்டிப்போன வேலைகளை எடுத்துச் செய்யும். சரிதானே? சரியில்லை. எழுந்தவுடன் தாண்டிப்போன வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஷிப்ட் பஸ் வந்து நின்றதும் ஒரே வாசலில் எல்லாரும் ஏறுகிற மாதிரி. சர்வர் திணறிப்போய் நின்றது. எனவே வரிசையில் நிற்க வைத்தோம். ஒரே சமயத்தில் மூன்று வேலைக்கு மேல் கிடையாது, அவசரமானது முன்னால்.

அப்புறம்தான் முக்கியமான சண்டை வந்தது. தாண்டிப்போன வேலையைச் செய்யலாமா கூடாதா? லேப் முடிவு தாமதமாகப் போனால் பாதகமில்லை, போனால் போதும். 'இன்னும் ஒரு மணி நேரத்தில் டாக்டரைப் பார்க்க வாருங்கள்' என்ற மெசேஜ் டாக்டர் கிளம்பிப் போன பிறகு போனால்? நான் எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம், மன்னிப்போடு சேர்த்து, என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்துலயே வூடு இருக்குதா என்ன? மெசேஜ் பாத்துட்டு பஸ் ஏறி வந்துடுவாங்கக்கா. வந்தா டாக்டர் இருக்க மாட்டாரு. லேட்டானா தூக்கிப் போட்டுடணும்."

எனக்குத் தோற்பது பிடிக்காது. ஆனாலும் தோற்றேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பத்தி சேர்த்தோம்: தாமதமானாலும் செய், அல்லது செத்ததாக வைத்து அடுத்ததைப் பார்.

மீதி இருந்த பிரச்சினையை என் வீட்டுக்காரர் தீர்த்து வைத்தார். தெரிந்து தீர்க்கவில்லை. ஒரு நாள் முதல் ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்துவிடுவதாகவும், கடலூருக்குப் போய் எனக்குக் கண்ணாடி மாற்றலாம் என்றும் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு வந்தார். ரிலீவர் வரவில்லையாம். அடுத்த ஷிப்ட்டுக்கு வர வேண்டிய ஆள் வராவிட்டால், இருக்கிற ஆள் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டை விட்டுவிட்டு நகர முடியாது. இது எனக்குத் தெரியாத கதையா? அப்பா காலத்திலிருந்து பார்க்கிறேன். இருந்தாலும் கத்தினேன்.

"வரலன்னா எழுதி வெச்சிட்டு வர வேண்டியதுதானே! யாராச்சும் பாத்துக்குவாங்க."

"எழுதி வெச்சிட்டா ஆச்சா? அவன் வந்து நிக்கணும். மூணாம் பெல்ட்டு இழுக்குது, பாத்துக்கன்னு நான் சொல்லணும். சரின்னு அவன் வாயால சொல்லணும். அது வரைக்கும் சார்ஜ் என்கிட்டதான். நடுவுல நான் மயங்கி விழுந்துட்டாக்கூட, கன்ட்ரோல் ரூம்லேருந்து போன் அடிச்சிகிட்டே இருப்பான். எடுக்கலன்னா ஆள் அனுப்புவான்." சொல்லிவிட்டுச் சோற்றைப் போடு என்று உட்கார்ந்தார்.

நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கஷ்டம் இதுதான். சாயங்கால மெசேஜ்கள் பாதி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். திரும்பி எழுந்ததும் முதலிலிருந்து அனுப்பும். பாதிப் பேருக்கு இரண்டு தடவை வரும். அதற்குத்தான் சார்ஜ் வேண்டும். வேலையை எடுத்த நிரல் ஒவ்வொரு நோயாளிக்கு அனுப்பியதும் இதுவரை முடிந்தது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். உயிரோடிருக்கிறேன் என்று அவ்வப்போது சொல்ல வேண்டும். சத்தமே இல்லையென்றால் அடுத்த நிரல் சார்ஜை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அவருக்கு இரண்டு அப்பளம் கூடப் பொரித்துப் போட்டேன். எதற்கு என்று கடைசி வரை அவருக்குப் புரியவில்லை.

சார்ஜ் யாரிடம் என்று குறிக்க டேபிளில் சேர்த்த பத்திக்கு ரிலீவர் என்றே பெயர் வைத்தோம். போனில் இந்தப் பெயரைக் கேட்ட முதலாளி, "இது என்னம்மா, மருந்து பேரா?" என்று கேட்டார்.

இன்டர்வியூ வாரம் வந்தது. எல்லாம் ஓடியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முடிந்த வேலைகளின் வரிகள் ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறுவதை வேடிக்கை பார்த்தாள். முதலாளிக்கே சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காமல் ஒரு யோசனை சொன்னார். சுகர் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லி முதல் நாள் சாயங்காலம் மெசேஜ் போடுகிறோம். மறந்துபோய்க் காலையில் காபி குடித்துவிட்டு வருகிறார்கள். மெஷின்தான் தூங்காதே, கேம்ப் நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கே 'இன்று பரிசோதனை, எதுவும் சாப்பிடாமல் வாருங்கள்' என்று போட்டால் என்ன? சாயங்கால மெசேஜை நிறுத்திவிடலாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கேம்ப். நல்ல யோசனைதான். நானும் அவளும் சேர்ந்து அட்டவணையில் ஏற்றினோம்.

செவ்வாய்க்கிழமை நெல்லிக்குப்பம் கேம்ப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அது கூடப் பரவாயில்லை. புதன்கிழமை, கேம்ப்பே இல்லாத நாளில், எல்லாரும் பட்டினியோடு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர் ஒருவர் ஆபீஸ் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்.

"காலைலேருந்து காபித்தண்ணி கூட குடிக்கலங்க. எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது. ஏங்க, இது என்னா வெளாட்டுங்களா?"

முதலில் ஏதாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவர் போனை வைத்ததும் முதலாளி லைனில் வந்துவிட்டார். அவர் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே அறை முழுக்கக் கேட்டது. லீவும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெள்ளிக்கிழமை அந்தப் பெண் உட்கார்ந்து கையால்தான் அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நடுவே ஒரே நாள்தான் இருந்தது. அவள் பழையபடி பட்டன் ஸ்கிரீனைத் திறந்து வைத்துக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அவளைப் பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்த்தேன். இருவருமாக அலசினோம். சர்வர் கடிகாரம் சரி. மெசேஜ் போன நேரம், ஐந்து மணி, சரி. அட்டவணையில் செவ்வாய்க்கிழமை பத்தியில்தான் இருக்கிறது, சரி. நிரலை வரி வரியாக அவள் சத்தமாகப் படித்தாள், நான் கேட்டேன். பிறகு நான் படித்தேன், அவள் கேட்டாள். எங்கேயும் ஒரு பிசகும் இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை தேர்ட் ஷிப்ட்டு. கரெக்டாதானே போயிருக்கு?" என்றார். டைல்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. "அந்த அட்டவணையை எனக்குப் படிச்சுக் காட்டும்மா. செவ்வாய்க்கிழமை மட்டும்," என்றார். நான் படித்தேன். ஆறு மணிக்கு டாக்டர் லிஸ்ட். அப்புறம் லேப் முடிவுகள். சாயங்காலம் இது, ராத்திரி இது. கடைசி வரி, ஐந்து மணி, சுகர் கேம்ப் மெசேஜ்.

"கடைசியிலயா?"

"ஆமா சார்."

"அஞ்சு மணி எப்படிம்மா கடைசியில வரும்? ஆறு மணிக்கு முன்னாலதானே அஞ்சு மணி?"

"தேர்ட் ஷிப்ட் முடியற நேரம் சார் அது. கடைசியிலதான் வரும்," என்றேன், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

முதலாளி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உங்க ஊர்ல நாள் எத்தனை மணிக்கும்மா ஆரம்பிக்குது?"

நானும் அவளும் ஒரே குரலில் சொன்னோம், "ஆறு மணிக்கு சார்!"

சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐயோ! எங்கள் ஊரில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் சங்கு ஊதினால்தான் நாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி வேலைக்குப் போனவர் புதன் விடியற்காலை வரும்வரை செவ்வாய்க்கிழமை வேலையைத்தான் பார்க்கிறார். அவள் அப்பாவும் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான், அட்டவணைக்கு நாங்கள் கோடு போட்டதும் அப்படித்தான். நிரலையும் அதற்கேற்ப அட்சரசுத்தமாக எழுதி வைத்திருந்தோம். செவ்வாயின் ஐந்து மணி, காலண்டரில் புதன்கிழமை ஐந்து மணியாகப் போய் விழுந்திருக்கிறது. இரண்டு பேர் நாள் முழுக்க முறைத்துப் பார்த்தும் தெரியவில்லை. நெய்வேலிக்காரக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சென்னையில் இருந்துகொண்டு, அட்டவணையைக் கண்ணால் கூடப் பார்க்காமல், அந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. "லோகமெல்லாம் நடுராத்திரி பன்னெண்டு மணிக்கு தேதி மாறுது. உங்களுக்கு மட்டும் சங்கு ஊதினாத்தான் மாறுமா!" அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலில் பாதி அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன்.

"சார், சரி பண்ணிடறோம். அவளை நாளைக்கு அனுப்புங்க," என்றேன்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அந்த மெசேஜ் ஒழுங்கா போகட்டும். போச்சுன்னா அவ போகட்டும். போகலன்னா பாதி வழியில இருந்தாலும் இறங்கி வந்துடணும்."

வரிகளை நகர்த்தினோம். நாளை நள்ளிரவில் தொடங்க வைத்தோம். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அசிங்கமா கீதுக்கா, நடு ஷிப்ட்ல தேதி மாறுது," என்றாள். நோயாளிகள் வரிசையில் என் போன் நம்பரையும் அவள் நம்பரையும் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். வடக்குத்தில் அந்நேரம் கரண்ட் இருக்குமோ இருக்காதோ, யு.பி.எஸ். தாங்குமோ தாங்காதோ. சாமி படத்தைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன். ஐந்தாயிற்று. ஒன்றும் வரவில்லை. ஐந்து தாண்டியது. போன் அடித்தது, மெசேஜ் இல்லை, அவள்.

"வந்துச்சாக்கா? நான் பஸ் ஏறிட்டேன். எனக்கு வரல."

"வரல," என்றேன். "கரண்ட் இருக்கா அங்க?"

"கெளம்பும்போதே இல்லக்கா. எறங்கிடட்டுமா? பண்ருட்டி தாண்டல இன்னும்."

"இறங்காத! உக்காரு அங்கயே!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். இறங்காதே என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றும் இல்லை. அந்த மெசேஜை, ஆறு மணி வரை தாமதமானாலும் அனுப்பு என்று குறித்திருந்தோம். ஆறுக்குள் போனால் யாரும் காபி குடித்திருக்க மாட்டார்கள். கரண்ட் வர வேண்டும், அவ்வளவுதான். பேசிக்கொண்டே இருந்தோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா மீன் கூடையை அவள் காலில் வைத்திருக்கிறார், புதுச் சுடிதார் நாறிவிடும் போலிருக்கிறது என்றாள். அப்படியே பேசிக்கொண்டிருந்தவள் நடுவே கத்தினாள்.

"வந்துடுச்சி! அக்கா, வந்துடுச்சி!"

என் போனும் கையில் அதிர்ந்தது. 'இன்று பரிசோதனை, எதுவும் சாப்பிடாமல் வாருங்கள்.' நான் குதித்தேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது அதிகம்தான்.

ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தேன். கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்து, டேபிளைப் பார்த்து, அவசரமானதை முன்னால் எடுத்து, எல்லாருக்கும் ஒரே ஒரு தடவை அனுப்பியிருந்தது. அன்று பகலிலும் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. அமுக்க ஆளில்லாத மாடியில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. முதலாளி கூப்பிட்டு, "அருமைம்மா," என்றார். "அப்ப அந்தப் பொண்ணு விஷயம், இந்த மாசத்தோட..." என்று இழுத்தார்.

"அவ திரும்பி வரட்டும் சார். வந்ததும் நானே கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டேன். வந்த பிறகு எப்படிச் சண்டை போடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மத்தியானம் அவள் போன் வந்தது. "கெடச்சிடுச்சிக்கா! ஆறு மாசம் பாத்துட்டு பர்மனென்ட்டாம்!" ஆறு மணிக்குத் தொடங்கும் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்களாம், தப்பு எங்கே ஒளியும் என்று தெரிந்த பெண் டெஸ்டிங்குக்கு வேண்டும் என்றார்களாம். கீழே போய் டைல்ஸ் கடைக்காரருக்குச் சொன்னேன், டீ கொண்டு வந்த ஆளுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே மாடிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஓடியதையெல்லாம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். சிரிப்பைக் காணோம்.

"ஒண்ணுகூட வுடலியாக்கா?"

"ஒண்ணுகூட விடலடி."

"ஒண்ணாவது வுட்டிருக்கலாம்ல," என்றாள். குரல் உடைந்தது.

எனக்கும் அழுகை முட்டியது. மறைக்கவில்லை. "மத்தியானம் அதுவா ஓடறப்போ உன் நாற்காலியைத்தான் பாத்துட்டு இருந்தேன். நல்லாவே இல்ல. சரி, வீட்டுல என்ன சொன்னாங்க? அப்பா என்ன சொன்னார்?"

"இன்னும் சொல்லலக்கா."

"என்னது? மத்தியானமே கெடச்சுது, இன்னும் சொல்லலையா?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வந்து பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். ஏதாவது வுட்டுப் போயிருந்தா, நீ தனியா மாட்டிக்குவ. அப்ப கெடைக்கலன்னு வூட்ல சொல்லிட்டு இங்கியே இருந்துடலாம்னு..."

"அடிப்பாவி!" என்று எழுந்தே விட்டேன். ஒரு பச்சை வரி சிவப்பாக இருந்திருந்தால் இந்தப் பெண் அந்த வேலையை விட்டிருப்பாள். என்னிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு விட்டிருப்பாள். நாளைக்கு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்திருப்பாள், நானும் அதை நம்பிக் கூடச் சிரித்திருப்பேன். அவள் தோளைப் பிடித்து எழுப்பினேன். செருப்பை எடுத்துக் காலடியில் போட்டேன்.

"ஓடு. உங்கப்பா ஷிப்ட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள போய்ச் சொல்லு. ஓடுடி!"